பியானோவிலிருந்து வந்த தந்தி

— கருத்தப்பாண்டி, நான் என்னப்பா சொல்லி அனுப்பிச்சேன்? அன்னிக்கு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு நாம பேசுனதை அப்படியே சொல்லு.

— அப்படியே சொல்லவா, செட்டியாரே? நீங்க, "திருச்சுழிக்கா போற?"ன்னு கேட்டீக. நான், "ஆமா, பருத்தி லோடு ஏத்தப் போறேன்"னேன். "அப்ப எங்க மாமியார் வீட்டுல எட்டிப் பாத்து, தந்தி வந்திருக்கு, பஞ்சம்மாளைக் கையோட வரச் சொன்னேன்னு சொல்லிரு"ன்னீக. நான் சரின்னேன். நீங்க வெத்தலை குடுத்தீக. அதுல பாக்கு இல்ல.

— பாக்கை விடு. எந்தத் தந்தின்னு நீ சொல்லலையா?

— நீங்க எங்கிட்டச் சொல்லலையே!

— கருத்தப்பாண்டியண்ணே, ஒங்ககிட்ட எதுக்கு இந்த விசாரணை? என்னையக் கேக்கச் சொல்லுங்க இவுகளை. நான் இங்கதான நிக்கிறேன்?

— பஞ்சம்மா, மொதல்ல உள்ள வா. தெருவே பாக்குது.

— பாக்கட்டும். எங்க தம்பி பட்டாளத்துல பர்மாப் பக்கம் கெடக்கான். கடுதாசி வந்து எத்தனையோ மாசமாச்சு. தந்திங்கற பேச்சு காதுல விழுந்ததும் எங்க அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு விழுந்துட்டாக. திருச்சுழியில பாதித் தெரு எங்க வீட்டுல கூடிருச்சு. இங்க வந்து பாத்தா நீங்க கம்பியைச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருக்கீக!

— இதுதாம்மா அந்தத் தந்தி! வீணையில இருக்கறதைத் தந்தின்னுதான சொல்றோம்? இது பியானோவுல இருந்துச்சு.

— நோவா? யாருக்கு நோவு, செட்டியாரே?

— நோவு இல்லப்பா, பியானோ. பஞ்சுக் கம்பெனித் துரை பங்களாவுல இருந்த பாட்டுப்பொட்டி. துரை சண்டைக்குப் போயிட்டாரு. பொட்டியில கரையான் ஏறிருச்சு. வெறகுன்னு தள்ளி விட்டுட்டாக. தறிக்காரங்கல்லாம் தெரண்டு போயித் தூக்கியாந்தோம். உள்ள பாத்தா அத்தனையும் உருக்குக் கம்பி! இந்த யுத்தத்துல கம்பின்னு ஒண்ணு கண்ணுல படுதா? ஊருல பாதித் தறிக்கு, இழையைப் பிரிச்சு நிறுத்தற அச்சுல பல்லு போயிக் கெடக்கு. இதைச் சுட்டு, தட்டித் தட்டையாக்குனா அத்தனைக்கும் பல்லு கட்டிறலாம்.

— கட்டுங்க. அதுக்கு நான் எதுக்கு?

— முறுக்காணியை அவுத்தாக் கம்பி பாம்பு மாதிரிச் சுருண்டு அடிக்குது, பஞ்சம்மா. ஒரு முனையைப் பிடிச்சுக்கிட ஒரு கை வேணும்.

— அருப்புக்கோட்டையில வேற கையே இல்லையா?

— இருக்கு.

— அப்புறம்?

— அதான் எனக்கும் தெரியல.

— என்ன தங்கச்சி, திடுதிப்புன்னு ஒங்க வீட்டுப் பேச்சு கன்னடத்துக்குத் தாவி மொணங்குறீக? தமிழ்லயே திட்டுங்க. நானும் கேட்டுக்கிறேன்.

— திட்டலண்ணே. நல்லதா நாலு வார்த்தை சொன்னேன். நீங்க மாட்டை அவுத்துக் கட்டிறாதீக. திரும்பும்போது இதே வண்டியில நானும் வாரேன்.

— தண்ணியாவது காட்டிட்டு வாரேன், தாயி. ஆனா செட்டியாரே, அதுல பாருங்க, திருச்சுழியிலயே நான் தங்கச்சிகிட்ட...

— அண்ணே! மாடு தவிக்குது.

— ஆமா, ஆமா. இந்த வாசல்ல மாட்டுக்கு மட்டுந்தான் தவிப்பை வெளிய காட்டத் தெரியுது. சாமானை இப்படி எறக்கி வச்சிட்டுப் போறேன். யம்மாடி, இந்தச் சாடி என்ன கனம்!

— என்ன சாடி, கருத்தப்பாண்டி?

— நார்த்தங்கா ஊறுகா. வழி நெடுக மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாக. நான் வாரேன்.

— அவன் போயிட்டான், பஞ்சம்மா.

— என்ன?

— சாவுத் தந்தின்னு பதறி ஓடியாரவ, தகரப்பெட்டியும் ஊறுகாச் சாடியுமாவா வருவா?

— கையில கெடைச்சதை எடுத்துக்கிட்டு வந்தேன்.

— கையில கெடைச்சதுன்னா வெளக்குமாறு கெடைக்கும். நார்த்தங்கா ஊறுகாயா கெடைக்கும்?

— சரி. நீங்க சொல்லாட்டியும், இங்க பொட்டியைப் பிரிச்சுப் போட்டிருந்ததை அண்ணே பாத்திருக்காக; அங்கயே எங்கிட்டச் சொல்லிட்டாக. பொட்டியில இருந்த கம்பிதான், யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு. எங்க அம்மா எந்திரிச்சு உக்காந்து மோரு குடிச்சாக.

— தெரிஞ்சேவா வந்த? அப்ப வாசல்ல எதுக்கு அந்தச் சத்தம்?

— வேற எந்த மொகத்தை வச்சுக்கிட்டு வாரது? ஆடியில போனவ. ஒரு சொல்லு, ஒரு ஆளு, ஒண்ணும் வரல இங்கேருந்து. கடைசியில கம்பிக்குக் கை வேணும்னு ஆளு வருது!

— பொறந்த வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்னு இருந்தேன். கொஞ்ச நாள் ஆனப்பறம் கூப்பிட வெக்கமாப் போச்சு. நீ கோவிச்சுக்கிட்டுப் போனியா, சும்மாப் போனியான்னே எனக்குத் தெரியல.

— தெரியலையாக்கும்! அடுப்படியில யாரு இருக்கா?

— அடுப்படியிலயா? பூனை இருக்கும்.

— வெளையாடாதீக. சௌடேஸ்வரி எங்க?

— யாரு, எங்க அக்கா மகளா? அவ எதுக்கு இங்க இருக்கா? அவளுக்குத்தான் பந்தல்குடியில பேசி முடிச்சாச்சே. தையில கல்யாணம்.

— பந்தல்குடியிலயா? மாப்பிள்ளை யாரு?

— ரோட்டு மேல பலசரக்குக் கடை வச்சிருக்கற பையன். நல்ல பையன். அட, ஏன் தரையில உக்காந்துட்ட? தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?

— அப்ப நீங்க?

— நான் என்ன நான்? எனக்கு ஒண்ணும் புரியல, பஞ்சம்மா. நீ போனது புரியல, வந்தது புரியல, இந்த ஊறுகாயும் புரியல.

— அடுப்படியில யாராச்சும் நின்னா அவ கையில குடுத்துட்டு இதே வண்டியில திரும்பிறலாம். யாரும் நிக்கலைன்னா நானே ஒறியில வச்சுக்கலாம். அதுக்குத்தான் கொண்டாந்தேன்.

— யாரு நிப்பா இங்க? நீ சொல்லச் சொல்ல எனக்குத்தான் தலை சுத்துது. இரு, ஒண்ணு காட்டுறேன். தறியில ஊடை நூலைக் குறுக்க ஓட்டற நாடாவை ஒரு இழுப்பு இழுக்கறேன். கேளு.

— ...

— கேட்டியா?

— என்ன இது? ஒண்ணுமே கேக்கல? முந்தி மண்டையைப் பொளக்குமே!

— அந்தப் பொட்டியில கம்பியைத் தட்டறதுக்குக் குட்டிக் குட்டிச் சுத்தியலா இருந்துச்சு. ஒவ்வொண்ணு தலையிலயும் கம்பளி. நான் கம்பியில கை வைக்கறதுக்கு முந்தியே அதைத்தான் உரிச்சேன். நாடா போயி முட்டற எடத்துல ரெண்டு பக்கமும் ஒட்டிட்டேன்.

— எதுக்கு?

— ஆடியில நீ இந்த நெலைப்படியில நின்னுக்கிட்டு என்னமோ கேட்ட. தறிச் சத்தத்துல ஒரு எழுத்துக் காதுல விழல. சந்தைக்கு ஏதோ கேக்குற போலன்னு "சரி, சரி"ன்னு சொல்லிட்டேன். பாவு முழுக்க நெஞ்சு முடிச்சு நிமிர்ந்து பாத்தா நீயும் இல்ல, தகரப்பெட்டியும் இல்ல. இனிமேலாவது நீ பேசுனா கேக்கட்டுமேன்னுதான்.

— கேக்கவே இல்லையா? என்னையப் பாத்துச் சிரிச்சீகளே!

— கேக்காதப்பல்லாம் சிரிப்பேன். தறியில உக்காந்தவன் வேற என்ன பண்ணுவான்?

— ஐயோ கடவுளே.

— அன்னிக்கு என்ன கேட்ட, பஞ்சம்மா?

— வேண்டாம். விடுங்க.

— கருத்தப்பாண்டி வண்டிச் சத்தம் கேக்குது. அவன் வந்து கூப்பிடறதுக்குள்ள சொல்லிரு.

— இவளுக்குப் பிள்ளை இல்ல, எம் மகளையும் கட்டிக்கோன்னு ஒங்க அக்கா ஒங்களைக் கேட்டாகல்ல? ஒங்களுக்குச் சம்மதமான்னு கேட்டேன்.

— நான் அதுக்கா...

— சரின்னீக. ரெண்டு தடவை.

— பஞ்சம்மா, அக்கா கேட்ட அன்னிக்கே நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். அதை ஒங்கிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.

— அவுககிட்டச் சொன்னீக. என்னைக்காச்சும் எங்கிட்டச் சொன்னீகளா? இந்த வீட்டுக்கு வந்த நாள்லயிருந்து கேக்கணும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்து முழுங்குன கேள்வி இது. கம்பளி ஒட்டியிருந்தாலும் பரவாயில்ல, தறியை விட்டு எந்திரிச்சு வாங்க. பிள்ளை பெறந்தாலும் பெறக்காட்டியும் எனக்கு நீ ஒருத்தி போதும்னு, என் காதுல விழற மாதிரி, ஒரு தடவை சத்தமாச் சொல்லுங்க.