பொட்டியை நிறுத்தக் கூடாது

ஐயையோ, புகார்ல ஏமாந்துட்டாங்கன்னு எழுதாதீங்க சார். அந்த வார்த்தைதான் மூணு நாளா எங்க வீட்ல அடுப்பெரிய விடமாட்டேங்குது. என் சம்சாரம் விவரமானவ. கடைக்காரர் மிச்சம் குடுத்தா ரெண்டு தடவ எண்ணிப் பாக்கிறவ. தையல் தச்சு, சொந்தமா ஒரு கடை போடணும்னு சேத்து வெச்சிருந்தா. எல்லாம் போச்சு. போனது போகட்டும், அவ மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுதி ஸ்டேஷன் சீல் வெச்சுக் குடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா.

எப்படியா? பேங்க் பேர்ல மெசேஜ் சார். எப்பவும் பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜுக்குக் கீழயே சமத்தா வந்து உக்காந்துச்சு. கணக்கை முடக்கப் போறோம், இங்க அழுத்துங்கன்னு. நீங்களா இருந்தாலும் அழுத்தியிருப்பீங்க. கோச்சுக்காதீங்க.

பொய் டவர்னு ஒரு பொட்டி இருக்கு சார். பக்கத்துல இருக்கிற போனெல்லாம் நிஜ டவரை விட்டுட்டு இதுகிட்ட ஓடி வந்துரும். யார் சத்தமாக் கூப்பிடறாங்களோ அவங்க பின்னாடி போற புத்தி போனுக்கும் இருக்கு. கொஞ்ச நேரம் சிக்னல் போவும், மெசேஜ் விழும், அவ்ளோதான். கார் டிக்கியில வெச்சுக்கிட்டு மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல்னு மெதுவா உருட்டுவாங்க. அடுக்குமாடின்னா மாட்டுற போன் எண்ணிக்கை நல்லா ஏறும்.

எனக்கு எப்படித் தெரியுமா? டிரைவர் சார் நான், நாலு விஷயம் காதுல விழும். வண்டி நின்னாலும் பொட்டியை நிறுத்தக் கூடாதுன்னு வேலைக்குச் சேரும்போதே கண்டிஷனாம். முகம் தெரியாதவங்கதானேன்னு ஓட்டுறான் பாருங்க, அவனைச் சும்மா விடக் கூடாது.

நீங்க பக்கத்துல நின்னிருந்தா தடுத்திருப்பீங்கன்னு என்கிட்ட அழுவுறா சார். பக்கத்து ரூம்லதான் இருந்தேன். மதியம் சாப்பிட வந்திருந்தேன். அவ அடுப்படியில போனைப் பாத்துக்கிட்டு நிக்கிறா, நான் தண்ணி கேட்டுக்கிட்டு இருக்கேன்.

என்ன சார், போனைத் தட்டித் தட்டிப் பாக்கறீங்க? சிக்னல் இல்லியா? பேங்க் மெசேஜா?

அதைத் தொடாதீங்க. இந்தாங்க சாவி. வாசல்ல நிக்கிற வெள்ளைக் கார். டிக்கியில ஓடிக்கிட்டு இருக்கும், நிறுத்தாம இறங்கிட்டேன். பழக்கதோஷம் சார். அன்னிக்கும் அப்படித்தான், வீட்டுக்குக் கீழ விட்டுட்டுச் சாப்பிடப் போனேன்.

இப்பவாவது அந்த ஒரு வரியை எழுதுங்க சார்.