மனப்பாட வசனத்தின் எண்

எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் ஒருவரும் சொல்லித் தராத, ஒருவரும் மீறாத விதி ஒன்று உண்டு: வென்று முடித்த பாவத்தை மட்டுமே அறிக்கையிட வேண்டும், கைவசம் இருப்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு, ஆலயத்தின் பக்கத்து அறையில், ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்வோம். "முன்னெல்லாம் எனக்குக் கோபம் வரும்" என்று தையற்காரர் தொடங்குவார். அவர் மனைவி கேட்டிருந்தால் தேநீர் புரையேறியிருக்கும்.

சபை மூப்பர்களே, விசாரிக்கிறீர்கள், சொல்கிறேன். நான் பல் மருத்துவன். 'கொஞ்சம் வலிக்கும், உங்கள் நன்மைக்குத்தான்' என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிப் பழகியவன். பதினோரு ஆண்டுகளாக அந்த ஐக்கியத்தை நடத்தியவனும் நானே. வேதம் காட்டும் ஆண்மை பாரம் சுமக்கும் தோள் என்று கற்பித்தேன். ஆனால் எவர் தோளிலும் சொல்லிக்கொள்ளும்படியான பாரம் இல்லை. ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்கு மாமியார். இவற்றை வைத்துக்கொண்டு ஆவியில் எப்படி வளர்வது?

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருநாள் சொன்னார்: "அண்ணே, ஒரு காலத்துல குடிச்சிட்டு வண்டி ஓட்டியிருக்கேன். தொட்டு ஒன்பது வருஷமாச்சு." எல்லாரும் அழுதோம். அடுத்த வாரமே போதகர், வரும் ஆண்டு இவரே ஐக்கியத்தை நடத்தட்டும் என்றார். முதலில் கைதட்டியவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை காணாத தலைமை நிலைக்காது. ஆகவே பள்ளிக்குப் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதினேன்: உங்கள் ஓட்டுநர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்பது ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டேன். கடிதம் சுருக்கமாக இருப்பது நல்லது. மூன்றாம் நாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் மெலிந்தார், அவருடைய ஜெபம் நீண்டது. கண்ணெதிரே வளர்ந்தார். அவர் மனைவிக்கு நான் கட்டணமே வாங்காமல் ஒரு பல்லைப் பிடுங்கினேன்.

பிழை ஒன்றுதான். எதை எழுதினாலும் அடியில், ஐக்கியத்துக்கு நான் கொடுக்கும் அந்த வார மனப்பாட வேத வசனத்தின் எண்ணைப் போடுவது என் வழக்கம். மருந்துச் சீட்டிலும் போடுவேன். கை தன் பாட்டுக்கு அந்தக் கடிதத்திலும் போட்டுவிட்டது. கடிதத்தைப் பள்ளித் தலைமையாசிரியர் ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை அறிக்கையிட ஓட்டுநரின் முறை வந்தது. மடியில் அந்தக் கடிதமும், தன் மனைவிக்கு நான் எழுதிய மருந்துச் சீட்டும் வைத்திருந்தார்.

"ஒரு பாவம் இருக்குண்ணே."

"சொல்லுங்க தம்பி. எப்ப விட்டீங்க?"

"இன்னும் விடல. உங்கள வெறுக்குறேன். இதோ, இந்த நாற்காலில உக்காந்துக்கிட்டே வெறுக்குறேன். நாளைக்கும் வெறுப்பேன்னுதான் தோணுது."

தையற்காரர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து, ஓட்டுநரின் பெயருக்கு நேரே 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி, அடியில் வசனத்தின் எண்ணையும் போட்டேன்.