நாக்குக்கு அடியில்

விடியற்காலை நாலரை மணி. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புப் பாதை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போர்வையில் சின்னவளுக்கும் ஒரு ஓரம் விடுங்கள்... ம், சரி.

இது என் சிநேகிதி சுந்தரம்மாளின் மருமகனுக்கு நடந்தது. பேர் பேச்சிமுத்து. ஜீப்பு ஓட்டுகிறவர். பயந்த ஆள் இல்லை, பொய் சொல்கிற ஆளும் இல்லை. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

முந்தின நாள் ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கியவரால் திரும்ப முடியவில்லை. பாதையில் மரம் விழுந்துவிட்டது. ராத்திரி அவர் பெண்சாதி பாண்டீஸ்வரி போன் அடித்தாள்.

"பிள்ளைக்கு அனலாக் கொதிக்குதுங்க. வெரசா வாங்க."

அவ்வளவுதான். சிக்னல் போய்விட்டது.

பிள்ளை அனுப்பிரியா. ஆறு வயது. மேலே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் தாயும் பிள்ளையும் மட்டும். மருந்துக் கடையெல்லாம் அடைத்த நேரம். தெரிந்தவர் ஒருவரை எழுப்பி, அவர் வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையை வாங்கினார். நாலே நாலு. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். ஒன்றைக் கொடுத்துக் காய்ச்சலை அமர்த்தி, விடிந்ததும் பிள்ளையைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வேறு நினைப்பே இல்லை.

மரத்தை வெட்டி வழி விடுவதற்கு நாலு மணியாகிவிட்டது.

மேலே போகும் வழியில் பழைய மருந்துவீட்டு வளைவு ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்த இடம். இப்போது கூரை இல்லை, சுவர் மட்டும். அங்கே ஒரு பொம்பளை நின்றாள்.

தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை வண்டியை மறித்தது.

விடியுமுன் மலைப்பாதையில் நடக்கிறவரை ஏற்றாமல் போகிற ஜீப்பு நம் பக்கத்தில் கிடையாது. அவசரம்தான். இருந்தாலும் நிறுத்தினார்.

"எங்கிட்டு ஆத்தா?"

மேலே கை காட்டினாள். பின்னால் ஏறினாள். ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் அமுங்கும் அல்லவா... அமுங்கவில்லை. அதை அவர் அப்புறம்தான் நினைத்துப் பார்த்தார்.

வாசனை வந்தது. நனைந்த சாக்கு வாசனை. அதற்குள்ளே ஒரு கசப்பு... மரப்பட்டையை இடித்துப் போட்ட மாதிரி. தொண்டை வரை இறங்கியது.

"பல்வலியா ஆத்தா?"

"ம்ம்."

"வாயில என்ன, தங்கக் காசா ஒளிச்சு வச்சிருக்க? பயப்படாத, பிடுங்க மாட்டேன்."

வண்டித் தகரத்தில் விரலால் தட்டும் சத்தம். டக்... டக். சீக்கிரம் போ என்பது மாதிரி.

"போறேன் ஆத்தா. எனக்கும் அவசரந்தான். மக காய்ச்சலோட கெடக்கா."

தட்டும் சத்தம் நின்றது.

கண்ணாடியில் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தன. விரல் இடுக்கில் எச்சில் வழிந்தது. விழுங்கவே மாட்டேன் என்கிறாள். உடம்பு மட்டும் கிடுகிடுவென்று நடுங்குகிறது.

வழியில் கல் ஒன்று உருண்டு கிடந்தது. இறங்கித் தள்ளினார். அப்படியே பிளாஸ்க்கில் மிச்சமிருந்த சுக்குக் காப்பியை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"ஒரு மடக்கு குடி, நடுக்கம் நிக்கும். வாயைத் தொற ஆத்தா."

அதைக் கேட்டதும்... அவள் இறங்கினாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் வந்து, வரிசையில் நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள். கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள். நாக்கை நீட்டினாள். முழுக்க வெள்ளை. பிறகு நாக்கை மேலே மடித்துக் காட்டினாள்.

அடியில் ஒன்றுமில்லை.

அவளே விரலை விட்டுத் தேடினாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். இல்லை.

"கரஞ்சு போச்சே" என்றாள். "எம்புள்ளைக்கு வச்சிருந்தேன். கரஞ்சு போச்சே."

பேச்சிமுத்துவுக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. இவளுக்கும் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. சட்டைப் பைப் பொத்தானை அவிழ்த்தார். நாலு மாத்திரை. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நின்றதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. பிறகு மாத்திரை அட்டையை நடுவில் கிழித்தார்.

"இந்தா, ரெண்டு இருக்கு. அட்டைக்குள்ள இருக்கு ஆத்தா... கரையாது."

வாங்கிய கை ஜில்லென்று இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள், கண்ணுகளா? இல்லை. காய்ச்சல்காரி கையாகக் கொதித்தது. ஓடினாள். பாதையில் இல்லை... சரிவில், நேராக மேலே. ஏலச்செடி ஒன்றுகூட அசையவில்லை.

அனுப்பிரியா பிழைத்துக்கொண்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், முகத்தைச் சுருக்காதீர்கள். லயத்துக்குப் போனதும் பாண்டீஸ்வரி, "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று கத்தி, அழுது, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். சூடு இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நல்லபடியாகத் திரும்பினார்கள்.

அதற்கப்புறம்தான் பேச்சிமுத்து லயத்துப் பெரியவர் சின்ராசுவிடம் நடந்ததைச் சொன்னார். சின்ராசு குடும்பத்துக்குத் தாத்தன் காலத்திலிருந்து அந்தத் தோட்டம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"வாயைத் தொறன்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

சின்ராசு தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பழைய கதையைச் சொன்னார்.

அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சல், இப்போது மலேரியா என்கிறோமே அது, லயம் லயமாக ஆட்களைச் சாய்த்ததாம். ஆள் சாய்ந்தால் காடு வெட்ட ஆளில்லை, காய் எடுக்க ஆளில்லை. துரைக்கு அந்தக் கவலை. கப்பலேறி ஒரு டாக்டர் வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, மண்ணீரல் எத்தனை விரல் வீங்கியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அப்படிப் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுத்தான் அந்தக் காய்ச்சலைப் படித்தார்கள். மருந்தும் வந்தது. மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினா மாத்திரை. கசந்தாலும் உயிர் காத்த மருந்து, அதில் பொய்யில்லை. ஆனால் வேலைக்குப் பேர் பதிந்தவர்களுக்கு மட்டும். காலையில் பேர் கூப்பிடும்போது ஆளுக்கு ஒன்று. வேலை செய்யாத சின்னப் பிள்ளைக்குக் கிடையாது.

"டாக்டர் நோட்டுல பிள்ளை இருந்துச்சு அப்பு. மருந்துக் கணக்குலதான் இல்ல" என்றார் சின்ராசு.

தாய்மார் என்ன செய்வார்கள்? தங்களுக்குக் கொடுத்ததை நாக்குக்கு அடியில் ஒளித்துப் பிள்ளைக்குக் கொண்டு ஓடினார்கள். அது தெரிந்ததும், மருந்து கொடுக்கிறவன் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னான். சிலரை விழுங்கும் வரை விடவில்லை. விட்டவர்களும்... மருந்துவீட்டிலிருந்து லயம் வரை ஏற்றம். எச்சிலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

சின்ராசு அவரை லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சரிவில் சின்னச் சின்னக் கல் குவியல்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம், ஒன்றரை முழம். பேர் இல்லை.

ஒரு குவியலின் மேல் அந்த அட்டை கிடந்தது. பேச்சிமுத்து கிழித்த அதே பாதி. இரண்டு மாத்திரையும் உள்ளேயே இருந்தன. அட்டையெல்லாம் நகக் கீறல். அதைப் பிரிக்கும் விதம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவ்வளவு பெரிய ஆம்பளை அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். அழுதுகொண்டே அட்டையைப் பிரித்து, மாத்திரை இரண்டையும் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து அதே பாதை. அதே நாலரை மணி. இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது.

"அந்த வளைவுல நின்னாங்க அத்தே."

"அவளா?"

"அவளும்."

வரிசையாக நின்றார்களாம். தலையில் சாக்கு. எல்லோருடைய ஒரு கையும் வாயைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை அவரை நோக்கி நீண்டிருந்தது.

"எத்தனை பேருப்பா?" என்றேன்.

"எண்ணலத்தே. வளைவு முடியிற வரைக்கும் நின்னாங்க... அதுக்கு அங்கிட்டு லைட்டு எட்டல."