காண்டு யார் மேல?

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த மழையிலும் அடையாறு வந்து அரங்கை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, மறைந்த சுந்தரவல்லி அம்மையாரின் கணவர் முருகையன் அவர்களே! வணிகவியல் துறையில் அம்மையாரோடு பணியாற்றிய கனகராஜ் பேசுகிறேன். வரும்போது அழுதுகொண்டு வந்தேன். இப்போது கோபமாக நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் தொழில்முனைவு மையத்தை உருவாக்கியவர் பேராசிரியர் சுந்தரவல்லி. படிக்கிற பிள்ளைக்குத் தொழில் தொடங்கும் எண்ணம் எங்கிருந்து வருகிறது? பணத்தாசையா? யாருக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்ற வீம்பா? கருத்தரங்குகளில் இதை மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அம்மையார் ஒரே கேள்விதான் கேட்பார்: "காண்டு யார் மேல?" ஆமாம் ஐயா, பேராசிரியர்தான்! நம் பிள்ளைகள் எரிச்சலுக்குச் சொல்லும் அதே சொல்லைத்தான் சொல்வார்.

தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பையன் ஒருவன், "எங்கப்பா மேல மேடம், கடையிலயே உக்காருன்றாரு" என்றான். "அத வீட்ல சண்ட போட்டுத் தீத்துக்க. அதுக்கு எதுக்குக் கம்பெனி?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்!

பிறகு கயல் வந்தாள். "எங்கம்மா மயிலாப்பூர்ல வீட்டு வேல செய்யுது மேடம். ஆத்தோரம் இருந்தப்ப நடந்தே போவும். குடிசைய இடிச்சுட்டு எங்கள ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டாங்க. இப்ப பஸ்சு லேட்டானா, நாளைலேர்ந்து வராதன்றாங்க. செம காண்டா கீது." அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. இந்தக் காண்டு ஒரு கம்பெனியத் தாங்கும்."

அப்படித்தான் கயலின் தொழிலாக, பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்களுக்கான வேன் ஓடத் தொடங்கியது. எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று அந்தத் தாய்மார்கள் முந்தின நாள் மாலையே மையத்தின் தொலைபேசியில்தான் சொல்வார்கள். கயலும் தோழிகளும் எடுத்து எழுதிக்கொள்வார்கள்.

எனக்கு முன் பேசிய செயலாளர் அம்மையாரை இக்கல்லூரியின் விளக்கு என்றார். விளக்கா! நேற்று மதியம் அந்த மையத்தைப் பூட்டச் சொன்னது யார்? வேலை கொடுக்க வரும் நிறுவனங்களுக்கு நேர்காணல் அறை வேண்டுமாம். வேலை கேட்கும் பிள்ளைக்கு இடம் உண்டு, வேலை உண்டாக்கும் பிள்ளைக்கு இல்லையா? நேற்று மாலை பூட்டிய கதவுக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கயல் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று காலை வேன் வரவில்லை. சாலையோரம் நனைந்து நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு நாளை வேலை இருக்கும்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, செயலாளர் அவர்களே?

மைக்கை அணைக்க வேண்டாம் தம்பி, முடித்துவிடுகிறேன்.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். மௌன அஞ்சலிக்கு உங்களை எழுந்து நிற்கச் சொல்லும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். எழுந்திருங்கள். ஆனால் அஞ்சலி இங்கே வேண்டாம். எல்லோரும் அந்த அறை வாசலுக்குப் போவோம். கதவு திறக்கும்வரை அங்கேயே நிற்போம். செயலாளர் அவர்களே, நீங்கள் முன்னால் நடங்கள். சாவி உங்களிடம்தான் இருக்கிறது.