பாதிப் பின்னல்

அட, ஆடாம உக்காருடி லுவெட்டா. தலைய இப்பிடி வெடுக்கு வெடுக்குன்னு திருப்புனா வகிடு கோணிக்கிட்டுப் போகும். அவசரம்தான், தெரியும். இந்த மேக்கன் ஊர்ல ஜூலை மாச வெயில்ல எவளுக்குத்தான் அவசரம் இல்ல? ஃபேன உன் பக்கம்தான் திருப்பி வச்சிருக்கேன், அதுக்கு மேல அது சுத்தாது, பாவம் அதுவும் என்னதான் பண்ணும்.

கைய ஏன் நெஞ்சுலயே வச்சிருக்க? வாயுவா? ம்... சரி, வாயுன்னே வச்சுக்குவோம்.

வாயு வராம என்ன செய்யும் சொல்லு. லீவு விட்டதுமே டெட்ராய்ட்லருந்து உன் மக மூணு புள்ளைங்களையும் கொண்டாந்து உன் தலையில கட்டிட்டுப் போயிட்டா. ஏய், நான் குத்தம் சொல்லல, வெயில் காலம்னா வடக்க இருக்குற புள்ளைங்க தெக்க வந்துதான ஆகணும், நாமளும் அப்பிடித்தான வளந்தோம். அதோட மாமியாரக் குளிப்பாட்டணும், வேலைக்கும் போகணும். சனிக்கெழம சொந்தக்காரங்க எல்லாரும் பார்க்குல கூடுனா, அந்த ஊர்பட்ட சனத்துக்கும் மீன் வறுக்கப் போறது யாரு? இந்த அம்மாதான். எல்லாருக்கும் ஒரே கலர்ல பனியன் அடிச்சுக் குடுக்குறது? அதுவும் இந்த அம்மாதான். யாராவது எப்பிடி இருக்கன்னு கேட்டா மட்டும், கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன். நீ வேற, நான் மட்டும் என்ன வாழ்றேனாம்? நானும் அதத்தான் சொல்றேன்.

நம்மள நாமளே கவனிச்சுக்கணும்னு சொல்றதுக்கு பாஸ்டரம்மா அட்லாண்டாலருந்து ஒருத்தியக் கூட்டியாந்தாங்களே, ஞாபகம் இருக்கா? தொட்டித் தண்ணியில வாசனப் பூவப் போட்டு, கண்ண மூடிக்கிட்டு, அரை மணி நேரம் படுத்துக்கணுமாம். நீ எந்திரிச்சுக் கேட்ட பாரு, அந்த அரை மணி நேரம் என் மாமியார நீங்க பாத்துக்குறீங்களான்னு! சர்ச்சே குலுங்குச்சு. நம்ம கூட்டாளி வெர்டெல் சிரிச்ச சிரிப்புல அவ கைவிசிறி கீழ விழுந்துருச்சு.

ஆமா, வெர்டெல். அவ பேர இன்னிக்கி எடுக்கவே கூடாதுன்னு இருந்தேன். போன மாசம் மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்தாச்சு. ஆனா இந்தக் கடைய விட்டு அவ இன்னும் போகலடி. சிரிக்காத. எவ தலைய வாருனாலும் கண்ணாடியில நிமிந்து பாக்கப் பயமா இருக்கு. நீ உக்காந்திருக்கியே, இது அவ நாற்காலி. செவத்தப் பாக்கத் திருப்பிப் போட்டிருந்தேன், ஒருத்தியையும் உக்கார விடல. நீ வந்த, பக்கத்துல ரெண்டு சும்மா கெடக்கு, இதப் போயி இழுத்துத் திருப்பிப் போட்டு உக்காந்துட்ட.

இரு இரு, எந்திரிக்காத. நல்லதாப் போச்சுன்னுதான் இப்ப நெனைக்கிறேன்.

யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன் கேளு. செத்த அன்னிக்கு அவ மொதல்ல வந்தது இங்கதான். மொகமெல்லாம் வேர்வ. நெஞ்சு கனமா இருக்கு, தாடையெல்லாம் வலிக்குதுன்னா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, மாசாமாசம் வர்றது நிக்கிற வயசாச்சுல்லடி, குப்புகுப்புன்னு சூடு ஏறுது, வெயில் வேறன்னு அவளே சொல்லி அவளே சிரிச்சா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் எந்திரின்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? தலைய வாரி விடு எர்னஸ்டீன், பரட்டத் தலையோட போனா என்ன மனுஷியாவே மதிக்க மாட்டாங்கன்னா. நெசந்தான? கறுப்புப் பொம்பளைங்க நாம எல்லாரும் அப்பிடித்தான போறோம்? நல்ல கவுனு, கம்மல், உதட்டுக்குச் சாயம். இல்லன்னா போத மாத்திரைக்காக வலிக்குற மாதிரி நடிக்கிறான்னு சொல்லிருவாங்க. சீப்பச் சூடு பண்ணி, சுருட்ட முடிய நீவி நீட்டி, மகாராணி மாதிரி வாரி விட்டேன், போனா. ஆஸ்பத்திரியில முன்னால உக்காந்திருந்த பொண்ணு ஏற எறங்கப் பாத்துட்டு, பாத்தா நல்லாத்தான இருக்கீங்க, வெயில் சூடு, தண்ணி நெறைய குடிங்கன்னு அனுப்பி விட்டுருச்சு. வீட்டுப் படியேறும்போது விழுந்தவதான்.

பெட்டியில எவ்வளவு அழகா இருக்கான்னு நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதீங்களே, அதுவும் இந்தக் கைதான் வாரி விட்டுச்சு. உசுரோட இருக்கும்போது எவ வாருனாளோ, கடைசியிலயும் அவதான வாரணும். அந்தக் குளுரு ரூம்புல நானும் அவளும் மட்டும். பழக்கதோஷம், பேசிக்கிட்டேதான் வாருனேன். இந்த உள்ளங்கையில அவ தலச் சூடும் இருக்கு, அந்தச் சில்லிப்பும் இருக்கு. எந்தத் தலையத் தொட்டாலும் ரெண்டுல எதுன்னு ஒரு நிமிஷம் பாத்துக்குறேன்.

நீ இன்னிக்கி உள்ள வந்ததும் என்ன சொன்ன? தலையச் சட்டுனு முடிச்சு விடு, அப்பறமா டாக்டர்கிட்டக் காட்டிக்கிறேன், இந்தக் கோலத்துல எப்பிடிப் போறதுன்னு. அவ சொன்னதேதான், அதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

துண்டு எடுக்க உள்ள போனேன்ல, அப்பவே போன் பண்ணிட்டேன். ஆம்புலன்சுக்குத்தான். இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசுனது நீ எந்திரிச்சு ஓடிறக் கூடாதேன்னு. கோவப்படு, நல்லாக் கோவப்படு, ஆனா உக்காந்துக்கிட்டே படு. உன் மாமியாரையும் புள்ளைங்களையும் பாத்துக்கச் சொல்லி என் தங்கச்சிக்கும் போன் போட்டேன், அவ போயிட்டா. மீனு கெடக்குது கழுத, ஒரு வருஷம் வேற எவளாவது வறுக்கட்டும். அந்தா, சத்தம் கேக்குது பாரு, தெரு திரும்பிருச்சு.

என்னது, பாதித் தலையோடயா? ஆமாடி, பாதித் தலையோடதான். வேணும்னுதான் மெதுவாப் பின்னுனேன். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் பரட்ட. இந்தக் கோலத்தப் பாத்துட்டு, நல்லாத்தான இருக்கீங்கன்னு எவளாவது சொல்லட்டும், நானும் கூடவே வர்றேன், பாத்துக்குறேன். மீதித் தலைய நீ பொழச்சு வந்து இங்க உக்காந்தாத்தான் பின்னுவேன் லுவெட்டா. வேற எங்கயும் வந்து பின்ன மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.