சர்க்கார் நட்ட கல்

எழுபதுகளில் ஒரு பனிக்காலை. புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்குப் பாதித் தூக்கம். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"சர்க்கார் நட்ட கல்லுக்கு மஞ்சா பூசிட்டன்க்கா," என்றாள் இளையவள்.

"இன்னாத்துக்குடி?"

"சட்டப்படி சர்க்கார் எனக்குக் குடுத்த நெலம். சர்வேயர் அளந்து எல்லைக்கல்லு நட்டுட்டுப் போனாரு. பக்கத்து நெலத்துக்காரன் புடுங்கிப் போட்டான். மறுபடி நட்டாங்க, மறுபடி புடுங்கினான். இப்ப மஞ்சா பூசி, குங்குமம் வெச்சி, வெள்ளிக்கு வெள்ளி கற்பூரம் ஏத்திக்கினு வரேன். அந்தப் பக்கம் வந்தா அவனே செருப்பக் கழட்டி வெச்சிட்டுதான் நடக்குறான்."

"அப்போ சர்க்கார நீ நம்பல."

"நம்பாமலா அவங்க கல்லக் கும்புடுறேன்? நட்டவங்க காவலுக்கு ஆள் வெக்கல. நான் சாமிய வெச்சேன். தோ, அதான் என் நெலம்."

பனிக்குள் ஒரு வயல் மிதந்து வந்தது. வரப்போரம் மஞ்சளாக ஒரு கல்.

அக்கா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.