டிரம்மைக் கெடுத்தது யாரு

நாத்தம்னு யாருக்கா உங்ககிட்ட சொன்னது? நேத்துதான் மூணாவது மாடிக்குக் குடி வந்தீங்க, இன்னும் பாத்திரப் பெட்டியைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டீங்க. அதுக்குள்ள, மொட்டை மாடில ஒருத்தி சாணித் தண்ணியைக் கரைச்சு வச்சு பில்டிங்கையே நாறடிக்கறான்னு காதுல போட்டாச்சா? செக்ரட்டரி மாமாதானே? எனக்குத் தெரியும். அவரு மூக்குக்குத் தனியா சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க போல. கீழ் வீட்டுல உக்காந்துகிட்டே அஞ்சாவது மாடிக்கு மேல என்ன நடக்குதுன்னு மோந்து சொல்லிடுவாரு...

துணி அப்புறம் காயப்போடலாம்க்கா, வெயில் எங்கயும் போயிடாது. பக்கெட்டைக் கீழ வைங்க. இப்படி வாங்க, பாருங்க. ரெண்டு டிரம். பெருசுக்குள்ள சின்னதைக் கவுத்துப் போட்டிருக்கேன். அடில சாணி, காய்கறித் தோல், மிஞ்சின சோறு. அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடித்தனம் பண்ணுதுங்க. தோலைத் தின்னுட்டு கேஸ் விடும். கேஸ் சேரச் சேர மேல் டிரம் தானா எழும்பும். அந்த ட்யூப் வழியா கீழ அஞ்சாவது மாடில எங்க வீட்டு அடுப்புக்கு. அவ்வளவுதான். இதுக்கு சம்பளம் கேக்காதுங்க, ஸ்ட்ரைக் பண்ணாதுங்க, மீட்டிங்கும் போடாதுங்க.

நம்ம வீட்டு சிலிண்டர்ல இருக்கற கேஸ் எங்கேருந்து வருது சொல்லுங்க? பாதிக்கு மேல கப்பல்ல! யாரோ ரெண்டு நாட்டுக்காரன் எங்கயோ கடல்ல முறைச்சுக்கிட்டா, கப்பல் நடு வழில நிக்கும், இங்க எங்கம்மா டீயைப் பாதி டம்ளர் ஆக்கிடுவாங்க. நமக்கும் அந்தச் சண்டைக்கும் என்னக்கா சம்பந்தம்? இதைத்தான் காலேஜ்ல கேட்டேன். எங்க சார் சொல்றாரு, இதுக்கெல்லாம் நீண்டகாலக் கொள்கை வேணுமாம். கொள்கையை வச்சு வென்னீர் போட முடியுமா சார்னு கேட்டேன். வெளிய போன்னுட்டாரு. போயிட்டேன். போன கையோட, சாணி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். புஸ்தகப் பைலதான். பஸ்ல எனக்கு முன்னாடி சீட்டு காலி, பின்னாடி சீட்டு காலி. ராணி மாதிரி வந்தேன்.

எங்கப்பா ஒரே கிண்டல். நாட்டைக் காப்பாத்தறது இருக்கட்டும், மொதல்ல உன் ரூமைக் கூட்டுன்னாரு. ஆனா அன்னிக்கு மேல் டிரம் எழும்பி நின்னுதே... ஐயோ அக்கா, எனக்குத் தலை சுத்திப் போச்சு. தீக்குச்சியைக் கிட்ட கொண்டு போறேன், குப்புனு நீலமா ஒரு பூ. எங்கம்மா முட்டை ஊத்துனாங்க. ஊத்திட்டு அடுப்பை விட்டு நகரவே இல்ல. சித்திக்கு வீடியோ கால் போட்டு, வாழைக்காத் தோலுடி, வெறும் தோலுன்னு போனை அந்த நெருப்புகிட்டயே பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் பாத்திரம் கழுவுற தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு குதிச்சேன். கீழ் ஃபிளாட்டுக்காரங்க கதவைத் தட்டிட்டாங்க.

போன வாரம்தான் நின்னுபோச்சு. சொட்டு கேஸ் இல்ல. டிரம் படுத்துடுச்சு, அதோ, காத்துப் போன பலூன் மாதிரி. இன்னிக்குச் சாயங்காலம் பில்டிங்ல எல்லாரும் மேல வர்றாங்க. அடுப்பு எரிஞ்சா டிரம் இங்கயே இருக்கலாம், எரியலைன்னா பழைய சாமான் கடைக்குப் போகணும். மாமா போட்ட சட்டம். நானும் ரோஷத்துல சரின்னுட்டேன். அதான் காலைலேருந்து கால் தரைல நிக்கல எனக்கு... சிரிக்கறேனா அழறேனான்னு எனக்கே தெரியல.

ட்யூபை மாத்திட்டேன். ஓட்டை எதுவும் இல்ல. தோல் சரியாத்தான் போடறேன். அப்போ என்ன அர்த்தம்? யாரோ கை வச்சிருக்காங்க. காலைல மாமாகிட்ட மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். வாட்ச்மேன், பால்காரர் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது. டிரம்முக்குள்ள என்ன கலந்தீங்கன்னு. மனுஷன் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு, வேறென்ன?

என்னக்கா? புதுசாவா? புதுசா நான் எதுவும் போடலையே. அதே தோல், அதே தண்ணி... ஆங், நாத்தம் நாத்தம்னு இவங்க உயிரை எடுத்தாங்களா, சரி தொலையட்டும்னு போன வாரம் ஒரு பாட்டில் பினாயிலை டிரம்முக்குள்ள ஊத்தினேன். முழு பாட்டிலும்தான். நல்ல கம்பெனிதாங்க்கா, கொட்டை எழுத்துல போட்டிருக்கான், கிருமிகளை அடியோட...

அடியோட...

அக்கா.

ஐயோ அக்கா. அத்தனை கோடிப் பேரையும் நானே... தோல் போட்டு வளத்த கையாலயே... சிரிக்காதீங்கக்கா, எனக்கும் வருது. அடக்க முடியல. மாமா எனக்கு நாளைக்கு வணக்கம் சொல்லுவாரா? பால்காரர் முன்னாடி கேட்டேனேக்கா.

எங்க போறீங்க? துணியே போடலையே... கீழ போறீங்களா? மாமாகிட்ட சொல்லிடாதீங்க, நானே சொல்லிடறேன். இருங்க, இப்பவே, இந்தக் கைப்பிடிச் சுவர்லேருந்தே.

மாமா! செக்ரட்டரி மாமா! மேல பாருங்க! கேஸ் சாயங்காலம் எரியாது மாமா, எல்லாத்தையும் கழுவி மறுபடி சாணி கரைக்கணும். ஒரு மாசம் தவணை குடுங்க. நீங்க இல்ல மாமா, நான் கேட்டது தப்பு, பால்காரர்கிட்டயும் நாளைக்குச் சொல்லிடறேன். டிரம்மைக் கெடுத்த ஆள் சிக்கிட்டா. யாருன்னெல்லாம் கேக்காதீங்க... அவளை நான் பாத்துக்கறேன்!